கண்மாயில் பறவை பார்க்க எந்தக் கரையில் நிற்பது?

காலையில் கண்மாயின் கிழக்குக் கரையில் நில்லுங்கள், சாயங்காலம் மேற்குப் பக்கம் போய்விடுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும், அவ்வளவுதான். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். விலை உயர்ந்த பைனாகுலர் இருந்தாலும் நாமக்கோழியா, நீலத்தாழைக்கோழியா என்று சொல்வது சிரமம். வெயில் பின்னால் இருந்தால் அலகு நிறம், கால் நிறம் எல்லாம் சாதாரணப் பைனாகுலரிலேயே பளிச்சென்று தெரியும். மதுரைப் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் பல கண்மாய்களில் பெரிய கரை கிழக்கில்தான் இருக்கும். அதனால் காலையில் போவதே வசதி, ஏறி நின்றாலே போதும்.

மழை மூட்டமான நாளில் இந்தக் கணக்கு வேண்டாம், எங்கே நின்றாலும் ஒன்றுதான். அப்புறம், உள்ளான் என்ற நீரோரப் பறவைகளைத் தேடுபவர்கள் கார்த்திகையில் கண்மாய் நிறைந்திருக்கும்போது போய் ஏமாற வேண்டாம். அவை இரை பொறுக்கச் சேறு வேண்டும். தை, மாசியில் தண்ணீர் வற்றி ஓரம் தெரியும்போது போங்கள். சேறு பெரும்பாலும் பெரிய கரைக்கு எதிர்ப்புறம், அதாவது மேற்கே, ஆழம் குறைந்த பக்கம்தான் வெளிப்படும். அதற்கு மட்டும் சாயங்காலமே சரி.

மதுரைக்குப் பக்கத்து அரிட்டாபட்டி மலையில் வல்லூறு பார்க்கவும் இதே முறைதான்: வெயில் விழுகிற பாறைமுகத்தைப் பாருங்கள்.