கரண்ட் போய் வந்தாலும் தாங்கும் சாஃப்ட் ஸ்டார்ட்

ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைப் போட்டதும் எம்சிபி (வீட்டு போர்டின் டிரிப் சுவிட்ச்) விழுகிறதா? அந்த முதல் கரண்ட் பாய்ச்சலை அரை நொடி அடக்கி வைப்பதுதான் சாஃப்ட் ஸ்டார்ட். 500 விஏ டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி இரண்டு, மூன்று ஓம்தான் இருக்கும். முதல் சில சைக்கிளில் கோர் காந்தம் நிறைந்து (சாச்சுரேட் ஆகி) திணறி நிற்க, 325 வோல்ட் உச்சத்தைத் தடுக்க அந்த ஓம் மட்டுமே மிஞ்சும். பின்னால் 10,000 மைக்ரோஃபாரட் கண்டன்சர்கள் வேறு காலியாகக் காத்திருக்கும். பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள். நிஜமான பழுது வரும் அன்று அது எரியாது. 300 விஏவுக்குக் கீழே இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

150 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் மூன்றைப் பேரலலாகப் போட்டால் 50 ஓம். உச்சக் கரண்ட் ஆறரை ஆம்பியரைத் தாண்டாது. இதை ஃபேஸ் வயரில், சுவிட்சுக்கும் 3.15 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ பியூசுக்கும் பிறகு சீரிஸாக வையுங்கள். அரை நொடி கழித்து ஒரு ரிலே இதை ஷார்ட் செய்துவிட வேண்டும்.

ரிலேவுக்குத் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அதன் பிரைமரியை ரெசிஸ்டருக்கு முன்னாலேயே எடுங்கள். பின்னால் எடுத்தால், ஆம்ப்ளிஃபயர் வோல்டேஜை இழுத்துக்கொள்ளும் நேரத்தில் ரிலே பிடிக்காமலே போகலாம். சேலம் டவுனுக்கு 0-12 வோல்ட் 500 மில்லிஆம்பியர் போதும். ஏற்காட்டுத் தோட்ட வீடு மாதிரி லைன் கடைசியில் இருந்து, வோல்டேஜ் 170க்கு இறங்கினால் 7812க்கு (12 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) உள்ளீடு பத்தாது. அங்கே 0-15 வாங்குங்கள். பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பின் 220 மைக்ரோஃபாரட் 35 வோல்ட், பிறகு 7812.

டைமர் இப்படி: 12 வோல்ட்டிலிருந்து 10 கே வழியாக 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஏறும். அதன் பிளஸ்ஸிலிருந்து 5.1 வோல்ட் ஜீனர் (கேத்தோடு கண்டன்சர் பக்கம்), அங்கிருந்து பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ். எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டருக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவில் 12 வோல்ட் 400 ஓம் ரிலே. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு தலைகீழாக. இது சுமார் அரை நொடி தரும். ஆம்ப்ளிஃபயரின் மெயின் கண்டன்சர்கள் பிளஸ், மைனஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் 20,000 மைக்ரோஃபாரட்டைத் தாண்டினால் 100க்குப் பதில் 220 போடுங்கள்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கரண்ட் இரண்டு நொடி போய்த் திரும்பி வரும்போது மாட்டுவார்கள்: டைமர் கண்டன்சரில் மிச்சம் இருக்கும், ரிலே உடனே இழுத்துவிடும், ரெசிஸ்டருக்கு வேலையே இராது. அதற்கு இரண்டு பொருள் போதும். 10 கேவுக்குக் குறுக்கே ஒரு 1என்4007, கேத்தோடு 12 வோல்ட் பக்கம். 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 2.2 கே. கரண்ட் போனதும் டைமர் அந்த வழியே காலியாகும். இதே காரணத்தால்தான் முன்னால் 220 மைக்ரோஃபாரட். 'இருக்கட்டுமே' என்று 2200 போட்டால் ரிலே விடுவதற்குத் தாமதமாகும். என்டிசி (சூடானால் ஓம் குறையும் தெர்மிஸ்டர்) மட்டும் போதாதா என்பவர்களுக்கும் இதுதான் பதில்: சூடாக இருக்கும் என்டிசி ஆறுவதற்குள் கரண்ட் வந்தால் அது வெறும் வயர்.

சுகர் க்யூப் ரிலேயை (சர்க்கரைக் கட்டி வடிவச் சின்ன ரிலே) திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்று கால்: நடுவில் காமன், இரு ஓரமும் காயில். அதாவது 230 வோல்ட் கால் காயில் கால்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. டாட் போர்டில் கட்டினால் அந்த இடைவெளியில் உள்ள செம்புப் புள்ளிகளைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மலையில் பனி ஏறும் வீடு என்றால் மேலே வார்னிஷும் ஒரு கோட்.

ரிலே பிடிக்காமல் போனால் ரெசிஸ்டர் தீயாய்ச் சுடும். அதனால் ரைஸ் குக்கர் ஸ்பேர் விற்கும் கடையில் 10 ஆம்பியர் தெர்மல் பியூஸ் ஒன்று, 130 டிகிரி அளவில் வாங்கி, ரெசிஸ்டர்களோடு ஒட்டினாற்போலக் கட்டி ஃபேஸில் சேருங்கள். சால்டர் வைக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே அது போய்விடும், கனெக்டரில் முறுக்குங்கள்.

முதல் முறை 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்துப் போடுங்கள். பல்பு மங்கினால், அதை எடுத்துவிட்டு அடுத்த சோதனை: பிளக்கைக் கழற்றி, பிசி547 பேஸையும் எமிட்டரையும் ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து, பத்து நொடிக்குள் ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஏசி வோல்டேஜ் பாருங்கள். ஏபி கிளாஸ் ஆம்ப்ளிஃபயரில் ஐந்து வோல்ட் பக்கம் வரும். முப்பது காட்டினால் சாஃப்ட் ஸ்டார்ட்டைத் தொடாதீர்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் பயாஸை (பாட்டு இல்லாதபோது ஓடும் கரண்டின் அமைப்பு) பாருங்கள். பிளக்கைக் கழற்றி ஷார்ட்டை எடுத்து, மறுபடி ஆன் செய்தால் அரை நொடியில் 'டக்', மீட்டரில் பூஜ்யம். பூஜ்யம் வராமல் ஒன்றிரண்டு வோல்ட் நின்றால் ரிலே காண்டாக்ட் கருகியிருக்கிறது, மாற்றுங்கள்.