ரேஷனல் முறையில் மழைநீர் ஓட்ட வரைபடம் போடுவது எப்படி?

வடிகால் அகலம் கேட்டால் ரேஷனல் முறையில் (ஓட்டக் குணகம், மழைச்செறிவு, பரப்பு மூன்றையும் பெருக்கி ஓட்டத்தைக் கணிக்கும் முறை) ஒரே ஒரு எண் கிடைக்கும், உச்ச ஓட்டம். அதை வைத்துச் சாக்கடை கட்டலாம், ஆனால் மழைநீர்த் தேக்கத் தொட்டி கட்ட முடியாது. தொட்டிக்கு எந்த நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரிய வேண்டும், அதைக் காட்டும் ஓட்ட வரைபடம்தான் ஹைட்ரோகிராஃப். 4 ஹெக்டேர் மனைப்பிரிவு ஒன்றை வைத்துப் போட்டுப் பார்ப்போம், கால்குலேட்டர் போதும்.

முதலில் ஓட்டக் குணகம், அதாவது விழுந்த மழையில் எத்தனை பங்கு ஓடி வருகிறது என்பது. கூரைகள் 1.6 ஹெக்டேர், குணகம் 0.9. தார்ச்சாலை 0.8 ஹெக்டேர், 0.85. மீதி 1.6 ஹெக்டேர் மண்ணும் செடியும், 0.25. பரப்பால் பெருக்கிக் கூட்டினால் 2.52, அதை 4-ஆல் வகுத்தால் 0.63. எல்லோரும் பின்னால் சிமெண்ட் போட்டு மூடுவார்கள் என்பதால் மண்ணின் குணகத்தை நான் கொஞ்சம் தாராளமாகவே வைப்பேன்.

அடுத்து, மூலைக்கோடியில் விழுந்த துளி வெளிவாய்க்கு வந்து சேர ஆகும் நேரம். டைம் ஆஃப் கான்சன்ட்ரேஷன் என்பார்கள், நாம் சேரும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். கிர்பிச் சூத்திரப்படி, மீட்டரில் உள்ள நீளத்தை 0.77 அடுக்குக்கும், சரிவை −0.385 அடுக்குக்கும் உயர்த்தி, இரண்டையும் 0.0195-உடன் பெருக்க வேண்டும். 250 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் இறக்கம், அதாவது சரிவு 0.006 என்றால் சுமார் 10 நிமிடம் வரும். கூரையிலிருந்து வாய்க்காலுக்கு வர இன்னொரு 5 நிமிடம் சேர்த்து 15. (கிர்பிச் இதை 1940-இல் அமெரிக்காவின் டென்னசி விவசாய நிலங்களை வைத்துப் போட்டார். நகரத்துக்கு இது தோராயம்தான்.)

மூன்றாவது மழைச்செறிவு, அதாவது மழை மணிக்கு எத்தனை மி.மீ. வேகத்தில் பெய்கிறது என்பது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அதை 24-ஆல் வகுத்தால் மணிக்கு வெறும் 20 மி.மீ., அந்த எண்ணை வைத்து வாய்க்கால் கட்டினால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். நாள் மழை வேண்டாம், உங்கள் ஊரின் ஐடிஎஃப் வளைவில் (எவ்வளவு நேர மழை, எவ்வளவு செறிவில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று காட்டும் வரைபடம்) சேரும் நேரத்துக்குச் சமமான 15 நிமிட மழையைப் பாருங்கள். நம் கணக்குக்கு மணிக்கு 100 மி.மீ. என்று வைப்போம். (இங்கே வரும் செறிவுகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை, எந்த ஊருடையதும் அல்ல.)

உச்ச ஓட்டம் = குணகம் × செறிவு × பரப்பு ÷ 360. 0.63 × 100 × 4 ÷ 360 = நொடிக்கு 0.7 கன மீட்டர். 360 எங்கிருந்து வந்தது என்றால், ஒரு ஹெக்டேரில் மணிக்கு 1 மி.மீ. பெய்தால் மணிக்கு 10 கன மீட்டர், அதை நொடிக்கு மாற்றினால் 1/360.

இனி வரைபடம். மழையும் 15 நிமிடம், சேரும் நேரமும் 15 நிமிடம் என்பதால் ஒரு முக்கோணம்: 0-விலிருந்து ஏறி 15-ஆவது நிமிடத்தில் 0.7, இறங்கி 30-இல் மீண்டும் 0. அதன் பரப்பு 630 கன மீட்டர். விழுந்த மழை 25 மி.மீ., அதாவது 1000 கன மீட்டர், அதில் 0.63 பங்கும் 630 தான். சரி, ஒத்துப்போகிறது. இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள்.

மழை சேரும் நேரத்தைவிட நீண்டால் முக்கோணம் சரிவகமாகும். 40 நிமிட மழை, செறிவு 60 என்றால் உச்சம் 0.42 தான்: 15 வரை ஏற்றம், 40 வரை சமதளம், 55-இல் முடிவு. வடிகாலுக்கு இது பொருட்டே இல்லை, ஆனால் மொத்தத் தண்ணீர் 1008 கன மீட்டர்!

தொட்டியிலிருந்து வெளியே விட அதிகபட்சம் நொடிக்கு 0.2 கன மீட்டர்தான் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் ஓட்டம் மெல்ல ஏறித்தான் அந்த அளவை எட்டும் என்பதால், வரைபடத்தின் முழு நேரத்துக்கும் (15 நிமிட மழைக்கு 30 நிமிடம்) அதில் பாதியை, அதாவது 0.1-ஐ, மொத்தத் தண்ணீரிலிருந்து கழிக்கிறேன். 15 நிமிட மழைக்குத் தொட்டி 450 கன மீட்டர் கேட்கிறது, 40 நிமிட மழைக்கு 678. இன்னும் நீட்டி, 60 நிமிடத்துக்குச் செறிவு 45 என்றால் 684, 90 நிமிடத்துக்கு 32 என்றால் 580. ஆகத் தொட்டி 700 கன மீட்டர், வாய்க்கால் மட்டும் பழைய 0.7-க்கே.

சுமார் 80 ஹெக்டேருக்கு மேலோ, நடுவில் ஏரி குளம் இருந்தாலோ இந்த முறையைத் தொடாதீர்கள். ஏரி தண்ணீரைப் பிடித்து வைத்து விடும், இந்தச் சூத்திரத்துக்கு அது தெரியாது.