ஐந்து ரப்பர், ஒரு பேனாக் குழல், அப்புறம் நிலா

நூலில் கட்டிச் சுற்றும் கல்லின் மேல் விசை எந்தப் பக்கம் இழுக்கிறது? வட்ட இயக்கத்தைத் தொடங்கும் நாளில் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். "வெளியே, சார்" என்று வகுப்பே சொல்லும். கையில் அப்படித்தான் தெரிகிறது, அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் நூலுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அது கல்லை உள்ளே இழுக்கிறது, விரலை வெளியே இழுக்கிறது. நாம் உணர்வது விரலுக்கு நேர்வதை. பல வருடம் இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே சொன்னேன். கையால் செய்ய வைத்த பிறகுதான் மனதில் நின்றது.

ஒரே மாதிரி அழிரப்பர் ஐந்து, ரீஃபில் எடுத்த பழைய பேனாவின் குழல், ஒரு மீட்டர் தூண்டில் நரம்பு போதும். ஐந்தும் ஒரே எடை என்பதால் தராசு வேண்டாம். இரும்பு நட்டு கட்டாதீர்கள். ஒருமுறை நான் கட்டிய முடிச்சு அவிழ்ந்து, நட்டு பறந்து ஒரு பையனின் புருவத்தில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து ரப்பர்தான்.

கோணி ஊசியால் ஒரு ரப்பரின் நடுவில் துளையிட்டு நரம்பை நுழைத்து, இரண்டு முடிச்சுப் போடுங்கள். மறுமுனையைக் குழலுக்குள் விட்டு, கீழே மற்ற நான்கையும் சேர்த்துக் கட்டுங்கள். குழலின் மேல்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். இல்லாவிட்டால் நரம்பு உரசிக் கணக்கு கெடும். விளிம்பிலிருந்து மேல் ரப்பரின் நடு வரை சரியாக 50 செ.மீ. வைத்துக்கொண்டு, குழலின் அடியிலிருந்து ஒரு விரற்கடை கீழே நரம்பில் டேப் துண்டு ஒட்டுங்கள்.

மொட்டை மாடியில் யாரும் பக்கத்தில் இல்லாமல், குழலைத் தலைக்கு மேல் பிடித்துச் சுற்றுங்கள். வேகம் கூடினால் டேப் மேலேறிக் குழலில் இடிக்கும், குறைந்தால் கீழே இறங்கும். ஒட்டிய இடத்திலேயே டேப் நிற்கிற வேகம் ஒன்று உண்டு. அது கைக்குப் பிடிபடும்வரை பொறுமையாகச் சுற்றுங்கள். இப்போது ரப்பரை உள்ளே இழுப்பது நான்கு ரப்பரின் எடை. மையநோக்கு விசை எங்கிருந்து வருகிறது என்பது கண்முன்னே தொங்குகிறது!

20 சுற்றுக்கு நேரம் எடுங்கள், 14.2 வினாடி வாக்கில் வரும். ஒரு சுற்றுக்கு 0.71 வினாடி. 39.5-ஐ (பை வர்க்கத்தின் நான்கு மடங்கு) ஆரம் 0.5-ஆல் பெருக்கி, 0.71-இன் வர்க்கத்தால் வகுத்தால் மையத்தை நோக்கிய முடுக்கம் கிடைக்கும், கிட்டத்தட்ட 39.2. அது கீழே விழும் பொருளின் முடுக்கமான 9.8-இன் நான்கு மடங்கு. ஒன்றை நான்கு இழுக்கிறது அல்லவா, சரிதான். இரண்டு ரப்பரை மட்டும் தொங்கவிட்டால் 20 சுற்றுக்கு 20 வினாடி ஆகும். நரம்பு கிடைமட்டமாக நிற்காமல் கீழே சாயும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். நரம்பின் நீளத்தையே ஆரமாக வைத்தால் சாய்வு சமன்பாட்டின் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும்.

சுற்றிக்கொண்டிருக்கும்போதே குழலுக்குக் கீழே நரம்பை இன்னொருவர் வெட்டட்டும். ரப்பர் மையத்திலிருந்து நேரே வெளியே தெறிக்காது, அந்த நொடியில் போய்க்கொண்டிருந்த திசையிலேயே, தொடுகோட்டில் போகும். கவண் சுற்றியவர்களுக்கு இது பழகிய விஷயம்.

இதே கணக்கை நிலாவுக்குப் போடுங்கள். ஆரம் 3,84,000 கி.மீ., சுற்றுக்காலம் 27.3 நாள், அதாவது சுமார் 23.6 லட்சம் வினாடி. மீட்டரில் மாற்றிப் போட்டால் முடுக்கம் 0.0027 வரும். 9.8-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 3,600, அறுபதின் வர்க்கம். நிலா இருப்பது பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 60 மடங்கு தொலைவில். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறைகிறது என்பது இங்கே பிடிபடுகிறது. எத்தனை வருடம் போட்டாலும் இந்த விடை வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நிலாவுக்கு நரம்பு கிடையாது, பூமியின் ஈர்ப்புதான் அதை இழுக்கிறது. ஒரு வினாடியில் பக்கவாட்டில் ஒரு கி.மீ. போகும் நிலா, அதற்குள் பூமியை நோக்கி 1.4 மி.மீ. விழுகிறது. ஒரு நிமிடத்துக்குப் பார்த்தால் அந்த விழுதல் 4.9 மீட்டர். மாடியிலிருந்து நழுவவிட்ட ரப்பர் முதல் ஒரு வினாடியில் விழுவதும் அதே 4.9 மீட்டர்தான். 1687-இல் நியூட்டன் அச்சிட்டதும் நிமிடத்தையும் வினாடியையும் இப்படிப் பக்கத்தில் வைத்த ஒப்பீட்டைத்தான்.