லீக் சுற்றுப்போட்டிக்கு விதி எழுதுவது எப்படி: ஊர்க் கழகங்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் பெரும்பாலும் அது விலகல் முறையில்தான் நடக்கும். மறைந்த வீரர் ஒருவரின் நினைவாகக் கிண்ணம் வைத்து, அணிக்கு ஏழு பேரையோ ஒன்பது பேரையோ இறக்கி, மின்னொளியில் இரண்டு கிழமைக்குள் இறுதியாட்டத்தையும் முடித்துவிடுவார்கள். அதற்கு விதி எழுதுவது எளிது. தோற்றவர் வெளியே போவார். சமநிலை என்றால் தண்ட உதை. லீக் முறையில் எவரும் வெளியே போவதில்லை. எல்லோரும் எல்லோருடனும் ஆடி, மாதக்கணக்கில் புள்ளி சேர்த்து, கடைசியில் ஓர் அட்டவணைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அந்த அட்டவணையை எப்படி வாசிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைப்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

நம்மூரில் 'லீக்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாண லீக், வலிகாமம் லீக், பருத்தித்துறை லீக் என்று நாம் சொல்லும்போது கழகங்கள் பதிவுசெய்திருக்கும் நிர்வாக அமைப்பையே குறிக்கிறோம். இங்கே நான் பேசுவது போட்டி முறையை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் எட்டுக் கழகங்களைச் சேர்த்து ஒரு லீக் நடத்தினோம்; விதித்தாளை எழுதியதும் புள்ளிப் புத்தகத்தை வைத்திருந்ததும் நான்தான். கடைசி ஆட்டம் முடிந்தபோது இரண்டு கழகங்கள் 16 புள்ளிகளுடன் சமமாக நின்றன. ஒரு கழகத்தின் கோல் வித்தியாசம் (போட்ட கோல்களில் வாங்கியவற்றைக் கழித்து வருவது) அதிகம். மற்றக் கழகமோ தங்களுக்கிடையில் நடந்த ஆட்டத்தில் வென்றிருந்தது. விதித்தாளில் இருந்தது ஒரே வரி: அதிக புள்ளி பெறும் அணி வெற்றியீட்டும். வாசிகசாலையில் இரவு பத்தரை மணிவரை வாதாடிவிட்டு, வேறு வழியின்றி நாணயத்தைச் சுண்டினோம். தோற்ற கழகம் அடுத்த இரண்டு ஆண்டுகள் எங்கள் மைதானப் பக்கமே வரவில்லை. அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், உலகின் முதலாவது உதைபந்தாட்ட லீக்கும் ஏறக்குறைய இதே குறையுடன்தான் தொடங்கியது என்று பிற்பாடு அறிந்ததுதான். இங்கிலாந்தில் 1885இல் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டபூர்வமானது. கிழமைதோறும் சம்பளம் கொடுக்க வேண்டுமானால் கிழமைதோறும் பார்வையாளர்கள் வர வேண்டும். ஆனால் அன்றைய சிநேகபூர்வ ஆட்டங்களோ நினைத்தபடி இரத்தாகிக்கொண்டிருந்தன. இதைக் கண்டு சலித்த அஸ்டன் வில்லா கழக நிர்வாகி வில்லியம் மக்கிரெகர், 1888 மார்ச்சில் மற்றக் கழகங்களுக்குக் கடிதம் எழுத, லங்காஷயரிலிருந்து ஆறும் மத்திய இங்கிலாந்திலிருந்து ஆறுமாகப் பன்னிரண்டு கழகங்கள் கூடின. செப்டெம்பர் 8ஆம் திகதி ஆட்டங்கள் தொடங்கின. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்று முடிவானதோ நவம்பரில்! நல்லவேளையாகப் பிரெஸ்டன் கழகம் 22 ஆட்டங்களில் 18ஐ வென்று, நான்கைச் சமப்படுத்தி, ஒன்றிலும் தோற்காமல், இரண்டாமிடத்து அஸ்டன் வில்லாவைவிட 11 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றதால் வாதத்துக்கு இடமிருக்கவில்லை. எல்லா ஊருக்கும் ஒரு பிரெஸ்டன் கிடைக்காது.

எத்தனை கழகம், எத்தனை நாள்

விதித்தாளுக்கு முன் நாட்காட்டியை எடுங்கள். கழகங்களின் எண்ணிக்கையை அதிலிருந்து ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால், ஒரு சுற்றுக்கான ஆட்டங்களின் தொகை வரும். எட்டுக் கழகங்களுக்கு 28 ஆட்டங்கள். சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என இருமுறை ஆடினால் 56. இங்கிலாந்துப் பிறீமியர் லீக்கில் 20 கழகங்கள் இருமுறை ஆடுவதால் 380 ஆட்டங்கள். 1992இல் தொடங்கியபோது அங்கே 22 கழகங்கள் இருந்தன. 1995இல்தான் இருபதாகக் குறைத்தார்கள். 1963இல் 16 கழகங்களுடன் தொடங்கிய ஜேர்மனியின் புண்டஸ்லிகா, இரண்டே ஆண்டுகளில் பதினெட்டாகி, 1991–92 பருவம் ஒன்றைத் தவிர, இன்றுவரை 306 ஆட்டங்களுடன் நிற்கிறது. ஸ்கொட்லாந்தில் இன்னொரு தந்திரம் செய்கிறார்கள்: 12 கழகங்களும் தங்களுக்குள் மும்முறை ஆடிய பின் அட்டவணையை நடுவில் வெட்டி, மேல் ஆறும் கீழ் ஆறும் தனித்தனியே ஐந்து ஆட்டங்கள் ஆடுகின்றன.

நமக்கு இவ்வளவு தேவையில்லை. சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டிரண்டு ஆட்டங்கள் வைத்தால் எட்டுக் கழகங்களின் ஒரு சுற்று ஏழு கிழமைகளில் முடியும். வைகாசி நடுவில் தொடங்கினால் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் முடித்துவிடலாம். ஒத்திவைத்த ஆட்டங்களுக்கு ஒரு கிழமை கையிருப்பும் இருக்கும். ஆவணிக்குப் பிறகு தொடங்கும் லீக் ஐப்பசி மழையில் நீந்தும்.

ஆட்ட ஒழுங்கைத் தயாரித்தல்

எந்தக் கிழமை யார் யாருடன் மோதுவது என்பதைக் குலுக்கிப் போட்டால் நான்காம் கிழமையில் சிக்கிக்கொள்வீர்கள். அதற்கு எளிய வழி ஒன்றுண்டு. பழைய கலண்டர் தாளை ஆறு துண்டுகளாக வெட்டி 1 முதல் 6 வரை எழுதுங்கள். மேசையில் மேல் வரிசையில் 1, 2, 3 என்றும், அவற்றின் கீழே முறையே 6, 5, 4 என்றும் வையுங்கள். மேலும் கீழும் பார்த்து நிற்பவை முதலாம் கிழமைக்கான சோடிகள்: 1–6, 2–5, 3–4. இப்போது 1ஐ விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் ஓரிடம் நகர்த்துங்கள். மேலே 1, 6, 2. கீழே 5, 4, 3. இரண்டாம் கிழமை 1–5, 6–4, 2–3. இப்படியே நகர்த்த, மூன்றாம் கிழமை 1–4, 5–3, 6–2. நான்காம் கிழமை 1–3, 4–2, 5–6. ஐந்தாம் கிழமை 1–2, 3–6, 4–5. பதினைந்து சோடிகளும் ஒருமுறை மட்டும் வந்து முடிந்துவிடும். எட்டுக் கழகங்களுக்கு எட்டுத் துண்டுகள். கழகங்கள் ஏழாக இருந்தால் எட்டாவது துண்டில் "ஓய்வு" என்று எழுதுங்கள். அதனுடன் சோடி சேர்பவருக்கு அந்தக் கிழமை ஆட்டமில்லை. எந்தக் கழகத்துக்கு எந்த இலக்கம் என்பதை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் சீட்டிழுத்துத் தீர்மானியுங்கள்.

புள்ளி

வெற்றிக்கு மூன்று, சமநிலைக்கு ஒன்று என்பது இன்று எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இங்கிலாந்தில் அது வந்தது 1981இல். உலகக் கிண்ணத்தில் 1994இல். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை எட்டுக் கழக லீக்கிலேயே காணலாம். மூன்று ஆட்டங்களில் வென்று நான்கில் தோற்ற அணிக்குப் பழைய முறையில் 6 புள்ளி, ஏழையும் சமப்படுத்திய அணிக்கு 7. புதிய முறையில் முன்னதற்கு 9, பின்னதற்கு அதே 7. தோற்காமல் ஒதுங்கி நிற்பதைவிடத் துணிந்து ஆடுவதற்குக் கூலி கொடுக்கும் முறை இது என்பதால், இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

புள்ளி சமமானால்

இதுதான் என்னைச் சுட்ட இடம். இங்கிலாந்தில் நெடுங்காலம் கோல் சராசரி பார்த்தார்கள். அதாவது போட்ட கோல்களை வாங்கிய கோல்களால் வகுப்பது. 1965இல் மன்செஸ்டர் யுனைடெட்டும் லீட்ஸும் 61 புள்ளிகளுடன் சமமாக நிற்க, யுனைடெட்டின் 89க்கு 39 என்ற கணக்கு லீட்ஸின் 83க்கு 52 என்பதை வென்றது. இம்முறையின் கோளாறு வகுத்தலிலேயே இருக்கிறது. 10 கோல் போட்டு 2 வாங்கிய அணியின் சராசரி 5. 30 போட்டு 15 வாங்கிய அணியின் சராசரி 2. கதவைச் சாத்திக்கொண்டு ஆடுபவருக்கே அது பரிசளிக்கும். ஒரு கோலும் வாங்காத அணிக்கு எப்படி வகுப்பது என்பது வேறு தலையிடி. 1976இல் அதைக் கைவிட்டு, கழித்துப் பார்க்கும் கோல் வித்தியாசத்துக்கு மாறினார்கள். 2012இல் மன்செஸ்டரின் இரண்டு கழகங்களும் 89 புள்ளிகளுடன் முடித்தபோது, 64 என்ற வித்தியாசம் 56ஐ வென்று கிண்ணத்தை மன்செஸ்டர் சிட்டிக்குக் கொடுத்தது. வித்தியாசமும் சமமானால் போட்ட கோல்களின் தொகை. 1989இல் ஆர்சனல், லிவர்பூலின் மைதானத்துக்கே போய்க் கடைசி நிமிடக் கோலுடன் 2–0 என வென்றபோது இரண்டு கழகங்களுக்கும் 76 புள்ளி, 37 வித்தியாசம். 73 கோல் போட்ட ஆர்சனலுக்கே கிண்ணம் போனது.

ஸ்பெயினில் வழக்கம் வேறு. அங்கே சமப்பட்ட கழகங்கள் தங்களுக்கிடையில் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். 2007இல் ரியல் மட்ரிட்டும் பார்சிலோனாவும் 76 புள்ளிகளுடன் முடித்தன. பார்சிலோனாவின் கோல் வித்தியாசம் 45, மட்ரிட்டினது 26. ஆனால் மட்ரிட் ஓர் ஆட்டத்தில் 2–0 என வென்று மற்றதில் 3–3 எனச் சமப்படுத்தியிருந்ததால் கிண்ணம் மட்ரிட்டுக்கே. இங்கிலாந்து விதியின்படி அது பார்சிலோனாவுக்குப் போயிருக்கும். எங்கள் வாசிகசாலை வாதமும் இதுவே அல்லவா!

ஊர் லீக்குக்கு எது நல்லது? நான் ஸ்பெயின் பக்கம். நம்மிடம் கடைசிக் கிழமைகளில் நம்பிக்கையிழந்த கழகம் ஒன்று எட்டுப் பேருடன் வந்து 12–0 எனத் தோற்பது அரிதன்று. அந்தப் பன்னிரண்டு கோல்கள் கிண்ணத்தைத் தீர்மானிக்க விடக்கூடாது. ஆகவே முதலில் தங்களுக்கிடையிலான ஆட்டம், அதுவும் சமநிலையானால் கோல் வித்தியாசம், பின்னர் போட்ட கோல்கள், பின்னர் பொது மைதானத்தில் ஒரு மேலதிக ஆட்டம் என்று வரிசையாக எழுதுங்கள். மூன்று கழகங்கள் சமப்பட்டால் அந்த மூன்றும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்து ஒரு சிறிய அட்டவணை போட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாணயத்தை எழுதாதீர்கள்.

இடையில் விலகுபவர், வராதவர்

அக்றிங்டன் ஸ்டான்லி என்ற கழகம் 1962 மார்ச்சில் பணமின்றி இங்கிலாந்து லீக்கிலிருந்து விலகியபோது, அது ஆடிய ஆட்டங்கள் எல்லாவற்றையும் அட்டவணையிலிருந்து அழித்தார்கள். நாமும் அப்படியே செய்யலாம். இல்லையேல் விலகியவரிடம் முன்பே வென்றவருக்கு மூன்று புள்ளி இருக்கும், ஆடாதவருக்கு இருக்காது. ஒரு நாள் மட்டும் வராமல் விட்டால் எதிரணிக்கு 3–0 என வோக் ஓவர் (ஆடாமலே வெற்றி) கொடுப்பது சர்வதேச வழக்கம். எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதையும் எழுதுங்கள். "கொஞ்ச நேரம்" என்பது ஊருக்கு ஊர் மாறும்.

கடைசி நாள்

1898இல் இங்கிலாந்தில் முதலாம் பிரிவுக்கு யார் போவது என்பதைத் தீர்மானிக்க நான்கு கழகங்களுக்கிடையில் தேர்வு ஆட்டங்கள் நடந்தன. கடைசி நாளில் சந்தித்த ஸ்டோக்கும் பர்ன்லியும் சமநிலை எடுத்தால் இருவருக்கும் போதும் என்று கணக்குப் பார்த்து, கோலை நோக்கிப் பந்தை அனுப்பவே மனமின்றி 0–0 என முடித்துக்கொண்டன. அந்தத் தேர்வு ஆட்டங்கள் அத்துடன் ஒழிந்து, கீழே முடிப்பவர் தாமாக இறங்க, மேலே முடிப்பவர் தாமாக ஏறும் முறை வந்தது. 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் இதே வித்தையைக் காட்டி, முதல் நாளே ஆடி முடித்திருந்த அல்ஜீரியாவை வெளியேற்றிய பின்னர்தான் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் உலகக் கிண்ணத்துக்கு வந்தது. எங்களுக்கு மைதானம் ஒன்றுதானே என்பீர்கள். கடைசிக் கிழமைக்கு மட்டும் அயலிலுள்ள பாடசாலை மைதானத்தையும் கேட்டு வாங்குங்கள். குறைந்தது கிண்ணத்துக்குப் போட்டியிடும் கழகங்களின் ஆட்டங்களையாவது ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

கழகங்கள் பத்தைத் தாண்டினால் இரண்டு பிரிவாக்கி, இருவரை இறக்கி இருவரை ஏற்றலாம். தேசிய மட்டத்தில் பிறீமியர் லீக், சம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறி வந்த நமது மேல்நிலைப் போட்டி 2021இல் சூப்பர் லீக் ஆனபோதும் பத்துக் கழகங்களுடனேயே தொடங்கியது. தரைப்படையின் டிஃபென்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ் ஆகியவற்றுடன் கொழும்பு, வென்னப்புவ, நாவலப்பிட்டி, பேருவளை முதலிய இடங்களின் கழகங்கள் ஆட, களுத்துறை புளூ ஸ்டார் கிண்ணம் வென்று ஆசியக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணப் போட்டிக்குப் போனது. குருநகரும் நாவாந்துறையும் இளவாலையும் மயிலங்காடும் இருக்கும் வடக்கிலிருந்து அந்தப் பத்தில் ஒரு கழகமும் இருக்கவில்லை என்பது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

விதித்தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. சீட்டிழுக்கும் அன்று அதை உரத்து வாசித்து, ஒவ்வொரு கழகத்தின் செயலாளரும் தலைவரும் ஒப்பமிட்ட பிறகே இலக்கங்களைக் கொடுங்கள். பிரதியொன்றை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டி, அதற்குப் பக்கத்தில் அட்டவணையை ஞாயிறுதோறும் இரவே புதுப்பியுங்கள். திங்கட்கிழமை காலை பத்திரிகை பார்க்க வருபவர்களே உங்கள் கூட்டல் பிழைகளைக் கண்டுபிடித்துத் தருவார்கள்.