சா/த பிள்ளைக்கு நாற்பது நிமிடம்: உயர்தரப் பிரிவைத் தெரிய வழிகாட்டுவது எப்படி

பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தர (சா/த) பரீட்சை முடிந்த கையோடு கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தர (12, 13ஆம் தர) ரியூஷன் வகுப்புகள் தொடங்கிவிடும். பெறுபேறு வர மாதக்கணக்காகும். அதற்குள் கூட்டாளிமார் எந்த வகுப்பில் சேர்ந்தார்களோ அதுவே பிள்ளையின் பாடப்பிரிவாகிவிடுகிறது. பெறுபேறு வந்த பிறகு ஆலோசனை சொல்லப் போனால், "காசு கட்டிவிட்டோம், ஐயா" என்பார்கள். ஆகவே பாடசாலையில் வழிகாட்டும் ஆசிரியரான நீங்கள் பதினோராம் தரத்தில், பரீட்சைக்கு முன்பே, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றை ஒதுக்குங்கள்.

பிள்ளை கொண்டுவர வேண்டியவை: 10ஆம், 11ஆம் தரத் தவணை அறிக்கைகள், கடைசித் தவணையில் திருத்திக் கொடுத்த கணித, விஞ்ஞான விடைத்தாள்கள். அறிக்கையை மட்டும் கொண்டுவந்தால் பாதி வேலைதான் நடக்கும். பெற்றோர் வந்திருந்தால் முதல் இருபது நிமிடம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை சொல்லும் பதில் பெரும்பாலும் அம்மாவின் பதில்தான்.

"என்னவாக வர விருப்பம்?" என்று தொடங்க வேண்டாம். டொக்டர், இஞ்சினியர், எக்கவுண்டன் என்று தெரிந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். "போன மாதம் யாரும் சொல்லாமல் ஒரு மணித்தியாலம் எதில் இருந்தாய்?" என்று கேளுங்கள். பழுதான ஃபேனைக் கழற்றியது, மாமாவின் கடைக் கணக்கை எழுதியது, தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது எல்லாமே பதில்தான். சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விடைத்தாள். விஞ்ஞானத்தில் 72 என்பது ஒரு எண் அல்ல, மூன்று பாடங்களின் கூட்டு. ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் பென்சிலால் உ, இ, பௌ என்று எழுதி, உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் புள்ளிகளைத் தனித்தனியே கூட்டுங்கள். பத்து நிமிட வேலை. உயிரியல் பகுதியில் அள்ளிவிட்டு, மின்சுற்றையும் விசையையும் தொடாமலே விட்ட தாள்கள் நிறையவே அகப்படும். "கணக்கு ஓடாது, அதனால் பயோ" என்ற முடிவு சறுக்குவது இங்கேதான். உயிரியல் விஞ்ஞானப் பிரிவிலும் பௌதிகவியலும் இரசாயனவியலும் இருக்கின்றன, இரண்டிலும் கணக்கு உண்டு.

இணைந்த கணிதம் (உயர்தரக் கணிதப் பிரிவின் கணிதப் பாடம்) எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு சா/த கணித 'ஏ' போதிய சாட்சி அல்ல. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்தே அந்த 'ஏ'யை எடுத்துவிடலாம். இருபடிச் சமன்பாட்டிலும் திரிகோண கணிதத்திலும் முன்பு பார்த்திராத ஐந்து கணக்குகளைக் கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். எத்தனை சரி என்பதைவிட, வராத கணக்கோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டியது என்பதைப் பாருங்கள். வெட்டியும் குத்தியும் மூன்று வழிகளில் முயன்ற தாள், விடை பிழைத்தாலும் நல்ல தாள்.

இனி இஸட் புள்ளி: ஒருவரின் புள்ளி பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை, எல்லோருடைய புள்ளிகளும் பரந்திருக்கும் அளவால் (நியம விலகல்) வகுத்து வரும் எண். "லேசான பாடம் எடுத்தால் இஸட் கூடும்" என்ற நம்பிக்கையை இந்த அமர்விலேயே உடைக்க வேண்டும். ஒரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 15 என்று வையுங்கள். அதில் 70 எடுத்தவருக்கு இஸட் 2. சராசரி 55, நியம விலகல் 12 உள்ள இன்னொரு பாடத்தில் 73 எடுத்தவருக்கு 1.5 மட்டுமே. எல்லோரும் நன்றாகச் செய்யும் பாடத்தில் நல்ல புள்ளிக்கு மதிப்புக் குறைவு. மூன்று பாடங்களின் சராசரி இஸட்டே பல்கலைக்கழக அனுமதிக்குப் போகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. கொழும்புக்கு அந்த 5 வீதத்தில் பங்கில்லை. மருத்துவம், பொறியியல் வெட்டுப்புள்ளி இங்கே எப்போதும் மேல்வரிசையில்தான். மலையகத்திலிருந்தோ வடக்கு கிழக்கிலிருந்தோ இங்கே வந்து படிக்கும் பிள்ளையிடம் ஒன்றை விளக்குங்கள்: மாவட்டத்தைத் தீர்மானிப்பது அடையாள அட்டை முகவரி அல்ல, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலை.

பிறகு ஒரு தாளில் மூன்று நிரல் கீறுங்கள்: தொழில், நேர்வழி, அது அடைபட்டால் மாற்றுவழி. மூன்றாவது நிரல் வெறுமையாக இருக்கும் வரை பிள்ளையை விடாதீர்கள்.

பொறியியல் என்றால் நேர்வழி இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஊடாக மொறட்டுவை போன்ற பல்கலைக்கழகங்கள். மாற்றுவழி, மட்டக்குளி உயர் தொழினுட்பவியல் நிறுவனத்தின் உயர் தேசிய டிப்ளோமா. அல்லது தொழிற்பயிற்சி ஊடாக என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டங்களில் ஏறி, 5, 6இல் டிப்ளோமாக்களையும் 7இல் பட்டத்தையும் எட்டலாம். மட்டம் 7க்கு இரத்மலானையில் யூனிவொடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சட்டத்தரணிக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் புதுக்கடை சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை. கணக்கியலில் விருப்பமென்றால் ஏஏடி என்ற கணக்கியல் தொழிற்தகைமையை சா/த முடிந்த கையோடு தொடங்கலாம். எந்தத் தொழிற்கல்வி நிலையமானாலும் கட்டணத்துக்கு முன் கேட்க வேண்டியது போதனா மொழி. தமிழ் மொழிமூலம் என்று நம்பிச் சேர்ந்து, சிங்களத்தில் வகுப்பு நடப்பதைப் பார்த்து இரண்டாம் வாரமே நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு.

கடைசிப் பத்து நிமிடம் பெற்றோருக்கு. தாளைக் காட்டிப் பேசுங்கள், கருத்தைச் சொல்லிப் பேசாதீர்கள். "உங்கள் மகனுக்கு பௌதிகவியல் வராது" என்றால் சண்டை. உ, இ, பௌ கூட்டிய விடைத்தாளை மேசையில் வைத்தால் அவர்களே கூட்டிப் பார்ப்பார்கள். இன்ன வகுப்பில் சேருங்கள் என்று ஆசிரியர் பெயர் சொல்லாதீர்கள். பிறகு பிழைத்தால் பழி உங்கள் தலையில்தான்.

அந்த மூன்று நிரல் தாளைப் படியெடுத்து ஒன்றைப் பிள்ளையிடமும் ஒன்றைப் பாடசாலைக் கோப்பிலும் வையுங்கள். 12ஆம் தர முதலாம் தவணை அறிக்கை வரும் வாரத்தை அதன் அடியில் எழுதி, அன்று மீண்டும் கூப்பிடுங்கள். மூன்றில் இரண்டு பாடங்கள் அப்போதே தவறியிருந்தால் பிரிவு மாற்றத்தைப் பேச வேண்டிய நேரம் அதுதான். 13ஆம் தரத்தில் பேசினால் புதுப் பாடத்திட்டத்தை முடிக்கக் காலம் போதாது.