டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? வீடற்ற பிள்ளைகளுக்கு உதவப்போய் நாம் செய்யும் தவறுகள்

ராமேஸ்வரம் ரயில் பாதையின் கடைசி நிறுத்தம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வண்டி ஏறும் பையன்கள் எங்கே இறங்குவது என்று யோசிப்பதில்லை. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே இறங்குவார்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றுபோனபோது மண்டபத்தில் இறங்கினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் மறுபடி தீவுக்கே வருகிறார்கள்.

வருகிற பிள்ளைக்குச் சோறு போட இந்தக் கரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும்போதுதான் பிள்ளை நழுவிவிடுகிறது. "ஒப்படைச்சாச்சு" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். அதைச் சொன்னதும் நம் பங்கு முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடும்.

முதல் தவறை நானே செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் 17 வயதுப் பையன் ஒருவன் டீக்கடை வாசலில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தான். கடைக்காரரும் நானும் காசு போட்டு டிக்கெட் எடுத்தோம், பரோட்டா பார்சல் வாங்கிக் கொடுத்து ராத்திரி வண்டியில் ஏற்றிவிட்டோம். ஒன்பதாம் நாள் பார்த்தால் மீன்பிடி இறங்குதளத்தில் நின்று இறால் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறான். "மானாமதுரையிலேயே இறங்கிட்டேண்ணே" என்றான். ஊர் எது என்று ஆளாளுக்குக் கேட்டோமே தவிர, ஏன் கிளம்பினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனிடம் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் ஆதார் ஜெராக்ஸும், நான்காக மடித்து. ஊர் சுற்ற வந்தவன் மதிப்பெண் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வருவானா? வீட்டில் அடி தாங்க முடியாமல் வந்தவன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த வீட்டுக்குத்தான் நாங்கள் டிக்கெட் எடுத்திருக்கிறோம்.

18 வயது நிரம்பாதவர் என்றால் செய்ய வேண்டியது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். வீடு பத்திரமானதா என்று விசாரித்து முடிவெடுக்க வேண்டியது அந்தக் குழு. ஆதரவில்லாமல் நிற்கும் பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லாமல் விடுவதே குற்றம் என்று அதே சட்டம் சொல்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "பாவம், இங்கேயே கிடக்கட்டும்" என்று சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, தன் படகில் சேர்த்துக்கொள்வார். வலைக் குவியல் மேல் படுக்கை, படகுச் சோறு, செலவுக்குக் கொஞ்சம் காசு. நடைமேடையில் படுக்காததால் அவன் யார் கணக்கிலும் வீடற்றவன் இல்லை. சரி, ஏப்ரல் 15 வந்தால்? அன்று தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வேலையும் படுக்கையும் ஒரே நாளில் போய்விடும். மீனவக் குடும்பத்துக்கு வருகிற தடைக்கால நிவாரணம் இந்தப் பையனுக்கு வராது. அவன் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறான்?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசம். அவர்கள் தெருவில் கண்ணில் படுவதில்லை. சித்தி வீடு, அத்தை வீடு, கருவாட்டுக் கொட்டகை என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் யாராவது பெரிய மனசு பண்ணி மாப்பிள்ளை பார்ப்பார்கள். 18 ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, அவளுக்கு ஒரு வீடு அமைந்துவிட்டது என்று சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் "இந்தச் சிறுவனைத் தெரியுமா" என்று சுற்றவிடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி தண்டனைக்குரியது. தவிர, யாருக்குப் பயந்து ஓடி வந்தானோ அந்த ஆளின் போனுக்கும் அது போய்ச் சேரும்.

மனநலம் குன்றிய இளைஞர் என்றால், "அங்கே விட்டால் பார்த்துக்கொள்வார்கள்" என்று எங்கேயாவது விட்டுவிட்டு வருவது இன்னொன்று. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களும் யாரோ கொண்டுவந்து விட்டவர்கள்தான்.

தடுப்பது பற்றிப் பேசினால் உடனே கூட்டம் போடுகிறோம். கூட்டத்தில் குறையொன்றும் இல்லை, பஜ்ஜி நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு பையன் ஒரு வாரமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு வரவில்லை என்பது டீச்சருக்குத் தெரியும். அவன் அப்பா இலங்கைச் சிறையில் இருப்பதும் படகு பறிபோனதும் மீனவர் சங்கத்துக்குத் தெரியும். அம்மா வட்டிக்கு வாங்கியிருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். இந்த மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. தாய் விதவை, அல்லது பெற்றோர் கடும் நோயில் என்றால், வருமான வரம்புக்கு உட்பட்டு மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழி இருக்கிறது. அதற்கு வருமானச் சான்று வாங்கி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூடவே போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். கூட்டத்தில் அந்த ஆளின் பெயரை எழுதிக்கொண்டு எழுந்தால் போதும்.

அப்புறம் 18-ஆவது பிறந்தநாள். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அன்று கேக் வெட்டிவிட்டு வாசலைக் காட்டக்கூடாது. அதே இளைஞர் நீதிச் சட்டத்தில் பிற்காப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 21 வயது வரை தங்கவும் படிக்கவும் உதவி கேட்கலாம். ஆனால் வெளியே வருவதற்குச் சில மாதம் முன்பே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் வீடற்றோர் விடுதிதான். அதுவும் ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வருவது. 2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரத்தின் மக்கள்தொகை அதில் பாதிகூட இல்லை.

மானாமதுரையில் இறங்கிக்கொண்ட எங்கள் பையனை இரண்டாம் முறை 1098 வழியாகத்தான் அனுப்பினோம். குழு அவனை இல்லத்தில் சேர்த்தது. அவனுக்கு 18 முடியும் தேதியைக் கடைக்காரர் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பே இருவரும் பஸ் பிடித்துப் போனோம். வாசலில் எங்களைப் பார்த்ததும் அவன் கேட்டது: "மறுபடி டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கீங்களாண்ணே?"