கொத்தான் கொடியை அறிந்து கனியைச் சுவைப்பது எப்படி?

கொத்தான் ஓர் ஒட்டுண்ணிக் கொடி. அதன் கனி உண்ணத்தக்கது. பறிப்பது எளிது. கொடியைச் சரியாக அறிவதும், அது எந்தச் செடியை உறிஞ்சி வாழ்கிறது என்று பார்ப்பதும்தான் பொறுமை வேண்டும் வேலை.

முதலில் கொடியைத் தேடுங்கள். வெப்பமண்டலக் கடற்கரைகளில், புதர்களின் மேல் பச்சையும் மஞ்சளுமான நூற்சிக்கு விரித்துப் போட்டதுபோல, இலையே இல்லாமல் இது பின்னிக் கிடக்கும். அம்மையார் கூந்தல் என்னும் வேறோர் ஒட்டுண்ணியும் இதே தோற்றம் கொண்டிருப்பதால், புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அது சர்க்கரைவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொத்தானோ இலவங்கப்பட்டையின் குடும்பம். தண்டை நகத்தால் நசுக்கி முகர்ந்து பாருங்கள், கொத்தானில் மெல்லிய நறுமணம் வரும். ஆயினும் உறுதியான சான்று காய்தான்: அம்மையார் கூந்தலில் சில விதைகள் கொண்ட உலர்காயும், கொத்தானில் ஒரே விதையுள்ள சதைக்கனியும் இருக்கும்.

அடுத்து, ஒரு தண்டை விரலால் பிடித்துக்கொண்டே அது சுற்றியிருக்கும் கிளைவரை செல்லுங்கள். தண்டு கிளையைத் தொடும் பக்கத்தில் வரிசையாகச் சிறு மேடுகள் தெரியும். அவையே உறிஞ்சு உறுப்புகள். அவற்றின் வழியாகச் சாற்றோடு நச்சும் கொடிக்குள் ஏறக்கூடும் என்பதால், அரளி போன்ற நச்சுச் செடியிலோ, பெயர் தெரியாத செடியிலோ படர்ந்திருந்தால் அந்தக் கனியைத் தொட வேண்டாம். இந்தப் படியை மட்டும் ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

கனி மிளகைவிடச் சற்றே பெரியது. உச்சியில் பூவிதழ்களின் எச்சம் சிறு முடிபோல ஒட்டியிருக்கும். பச்சையாக இருப்பதை விட்டுவிட்டு, வெளிறி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பழங்களை மட்டும் பறித்துக் கழுவுங்கள். முதன்முறை ஒன்றிரண்டு போதும். வழவழப்பான சதையைச் சப்பிவிட்டுக் கடினமான விதையைத் துப்பிவிடுங்கள். தண்டில் ஆல்கலாய்டுகள் என்னும், உடலைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள்கள் இருப்பதால் அதை மெல்லக் கூடாது. கருவுற்றவர்களும் குழந்தைகளும் கனியையும் தவிர்ப்பது நல்லது.

துப்பிய விதையைத் தோட்டத்தில் போடாதீர்கள். அது முளைத்தால் சில காலமே வேரூன்றி நிற்கும். அருகிலுள்ள செடியைப் பற்றியதும் வேரை விட்டுவிட்டு, அந்தச் செடியைக் கொண்டே வாழத் தொடங்கிவிடும்.